பள்ளியில் விஞ்ஞானம்! வீட்டில் ராகு!

2019ம் வருஷம் டிசம்பர் மாதம் 26ந் தேதி காலையில் நம் தமிழ்நாட்டில் ஒரு சூரிய கிரகணம் தெரிந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி முதலிய பக்கங்களில் சூரியனுடைய நடுப்பாகம் முழுவதும் மறைந்து, சுற்றிலும் ஒரு வளையம் மாத்திரம் சில நிமிஷ நேரம் பிரகாசித்தது. ஒரு மனிதன் தன் சொந்த ஊரில் இருந்துகொண்டே ஆயுளில் ஒரு தடவை இதைக் காண்பது கூட அபூர்வமாகும். அப்படிப்பட்ட காட்சி கூலியில்லாமல் வாசலுக்கே வந்த அன்று நம் ஜனங்கள் செய்தது என்ன? கோயில்களுக்கு நடையைச் சாத்தினார்கள். அடுப்பை அணைத்தார்கள். குடத்துத் தண்ணீரில் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டார்கள். கர்ப்பஸ்திரீகளை இருட்டறைக்குள் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை “வெளியே தலை காட்டாதே” என்று அதட்டிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள். இவ்வளவும் போதாதென்று சில இடங்களில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீரை ஊற்றி, அதில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, “பார், கிரகணம் பிடித்திருக்கிறது, அதனால் உலக்கை விழாமல் நிற்கிறது” என்று அதிசயப்பட்டுக் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள்.

தோழர்களே! இந்தப் பிள்ளைகளில் யாரை வேண்டுமானாலும் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி, “சூரிய கிரகணம் எதனால் உண்டாகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருவதால் உண்டாகிறது” என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். பரீட்சையில் அதை எழுதி முழு மார்க்கும் வாங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் ராகு என்கிற பாம்பு விழுங்குகிறது என்று பாட்டி சொன்னால் அதற்கும் தலையை ஆட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்கிற எண்ணமே அந்தப் பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் இந்த வாரம் நாம் எழுத வந்த விஷயம்.

பிள்ளையின் மூளை மட்டம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பாட்டி சொன்னதையும் கேட்டுத்தான் நம்பிற்று. உபாத்தியாயர் சொன்னதையும் கேட்டுத்தான் நம்பிற்று. இரண்டில் ஒன்றையாவது தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து, தன் புத்தியால் ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டதா என்றால் இல்லை. பெரியவர்கள் சொன்னார்கள், அதனால் உண்மை என்பதே இரண்டுக்கும் ஆதாரம். ஆகவே ராகு ஒரு புராணம், சந்திரன் நடுவில் வருவது மற்றொரு புராணம் என்பதாக அந்தப் பிள்ளையின் மனதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக் கொண்டிருக்கின்றன. மார்க்கு வாங்க ஒன்று, வீட்டில் அடி வாங்காமல் இருக்க மற்றொன்று.

உலக்கை விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது. தட்டையான பூண் உள்ள உலக்கையைச் சமதரையில் நிதானமாக நிறுத்தினால், அதன் கனம் அந்தப் பூணின் அளவுக்குள்ளேயே இறங்குகிற வரையில் அது நிற்கும். செவ்வாய்க்கிழமையும் நிற்கும், அமாவாசையன்றும் நிற்கும், கிரகணமே இல்லாத ஐப்பசி மாதத்து மழை நாளிலும் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆராய்ச்சிச் சாலை வேண்டுமா? ஒரு பி.எஸ்ஸி. பட்டம் வேண்டுமா? கிரகணத்துக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் அதே உலக்கையை நிறுத்திப் பார்த்தால் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய காரியம். ஆனால் அப்படி முந்தின நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிற எண்ணம் அந்த வீட்டில் பட்டம் பெற்ற அப்பனுக்கே வரவில்லை. விஞ்ஞானம் என்பது அந்த எண்ணந்தானே! அதைச் சொல்லிக் கொடுக்காமல் வேறு எதையோ சொல்லிக் கொடுத்து அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், கிரகண நேரத்தைப் பஞ்சாங்கத்தில் குறிக்கிற ஆசாமியே ராகுவை நம்பி அதைக் குறிப்பதில்லை. சந்திரனும் சூரியனும் எந்த வேளையில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் குறிக்கிறார். பாம்புக்குப் பசி எடுக்கிற நேரத்தை யாராலாவது நாழிகை, விநாடி வரையில் முன்கூட்டிக் கணிக்க முடியுமா? சுமார் 1500 வருஷங்களுக்கு முன்பே ஆரியபட்டர் கிரகணம் என்பது நிழலால் உண்டாவது என்று எழுதி வைத்துவிட்டார். அவர் கணக்கை வைத்துக்கொண்டு அவர் காரணத்தை மாத்திரம் ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைத்து, தர்ப்பைக்கும் தானத்துக்கும் வழி செய்துகொண்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்லுவது?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கிரகணத்தை வெறுங் கண்ணால் பார்ப்பது கெடுதல் என்பது உண்மை. மூடநம்பிக்கையை எதிர்க்கிற உற்சாகத்தில் சூரியனை வெறித்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. கிரகணமில்லாத நாளிலும் சூரியனை உற்றுப் பார்த்தால் கண் கெடும். அதற்கென்று செய்த கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அட்டையில் ஊசித் துவாரமிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அந்தத் துவாரத்தின் வழியாகத் தரையில் விழுகிற சூரிய பிம்பத்தைப் பார்க்கலாம். புங்க மரத்தடியில் இலை இடுக்குகளின் வழியே விழுகிற வெளிச்சம் அன்று நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு வளையங்களாகத் தரையில் கிடக்கும். கர்ப்பஸ்திரீயும் அந்த மரத்தடியில் நின்று பார்க்கலாம்; சோறும் சாப்பிடலாம்.

இது நிற்க. பள்ளிக்கூடத்துக்குள்ளே நுழைந்து பார்ப்போம். நம் மாகாணத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. புஸ்தகங்களும் முந்திய காலத்தைவிட எவ்வளவோ மேலானவை. படங்கள் இருக்கின்றன; “செய்து பார்” என்று கட்டம் கட்டியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருப்பதை எத்தனை பள்ளிகளில் செய்து பார்க்கிறார்கள்? பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டத்தையும் சேர்த்து உரக்க வாசிக்கிறார்கள்! “ஒரு தம்ளரை எடுத்துக் கொள், அதில் தண்ணீர் ஊற்று” என்று நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாசிக்கின்றன. தம்ளரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அர்த்தம் தெரியாமல் மந்திரத்தை உருப்போட்ட கூட்டத்தை நாம் இத்தனை வருஷமாகக் கேலி செய்து வந்திருக்கிறோம். நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தையே மந்திரமாக உருப்போடும்போது மாத்திரம் சும்மா இருந்தால் நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.

புஸ்தகத்தை அப்படியே நம்புவதால் வரும் கேட்டுக்கு ஒரு உதாரணம் காட்டுவோம். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை நிறுத்திக் கொளுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சிறிது நேரத்தில் சுடர் அணைந்து தண்ணீர் தம்ளருக்குள் ஏறும். இது தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லப்பட்டு வருகிற பரிசோதனை. இதற்குப் பல புஸ்தகங்களில் எழுதியிருக்கிற காரணம் என்னவென்றால், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு என்றும், அது எரிந்து தீர்ந்துவிட்டதால் காலியான இடத்துக்குத் தண்ணீர் ஏறிற்று என்றும், ஆகவே ஐந்தில் ஒரு பங்கு உயரம் ஏறும் என்றும் சொல்லுவது. உபாத்தியாயரும் அப்படியே சொல்லுகிறார். அவருடைய உபாத்தியாயரும் அப்படியே சொன்னார்.

செய்து பார்க்கிற பிள்ளைக்கு இது சரியாகப் படாது. கவனித்துப் பாருங்கள். பிராணவாயு சிறுகச் சிறுக எரிந்து தீருவதானால் தண்ணீரும் சிறுகச் சிறுக ஏறவேண்டும். அப்படி ஏறுவதில்லை. சுடர் எரிகிற வரையில் தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுடர் அணைகிற சமயத்தில்தான் கிடுகிடுவென்று ஏறுகிறது. அன்றியும், தம்ளரைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பில் காற்றுக் குமிழிகள் வெளியேறுவதைச் சில தடவை பார்க்கலாம். மேலும், ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி அதே தம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் இன்னும் அதிக உயரம் ஏறுகிறது. தம்ளர் ஒன்றேதான், அதற்குள் உள்ள பிராணவாயுவும் ஒரே அளவுதான், அப்படியானால் ஏன் அதிகம் ஏறவேண்டும்? முக்கியமான காரணம் சூடுதான். சுடரின் சூட்டால் காற்று விரிகிறது. அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பிராணவாயு முழுவதும் தீருவதும் இல்லை; எரிந்த பங்குக்கு ஈடாகக் கரியமில வாயு உண்டாகிவிடுகிறது. புஸ்தகம் சொன்ன காரணம் தப்பு! மூன்று மெழுகுவர்த்தியும் ஒரு தம்ளரும் உள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அச்சடித்த புஸ்தகத்தைத் தப்பு என்று ருசுப்படுத்திவிட முடிகிறது.

இந்த ஒரு காரியத்துக்காகவே ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியிலும் இதைச் செய்து காட்ட வேண்டும் என்கிறோம். புஸ்தகத்தில் இருப்பதும் தப்பாக இருக்கலாம், அதைச் சோதிக்கத் தனக்கு உரிமை உண்டு, சோதித்தால் உபாத்தியாயர் அடிக்க மாட்டார், சந்தோஷப்படுவார் என்பதைப் பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை தெரிந்து கொள்ளுமானால், அப்புறம் எந்த ஸ்தல புராணத்தை அதன் கையில் கொடுத்தாலும் நமக்குக் கவலையில்லை.

மெழுகுவர்த்தியைச் சொல்லும்போது மைக்கேல் பாரடே ஞாபகத்துக்கு வருகிறார். கொல்லுப்பட்டறைக்காரர் மகன். புஸ்தகம் பைண்டு செய்கிற கடையில் கையாளாக வேலை பார்த்தவர். பைண்டு செய்ய வந்த புஸ்தகங்களைப் படித்துப் படித்தே அறிவு பெற்றவர். மின்சார யந்திரங்களுக்கு மூலமான உண்மைகளைக் கண்டுபிடித்த அந்த மனிதர், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860ம் வருஷக் கடைசியில் சிறுவர்களைக் கூட்டிவைத்து ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் செய்தார். அது என்ன பொருள், எப்படி எரிகிறது, எரியும்போது என்ன உண்டாகிறது என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டியே பேசினார். அவர் தெய்வ பக்தி உடையவர்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மெழுகுவர்த்தி எப்படி எரிகிறது என்பதற்கு அவர் வேதப் புஸ்தகத்தில் பதில் தேடவில்லை.

காசில்லாத பள்ளிக்கூடம் என்ன செய்யும் என்று கேட்கலாம். காலணா செலவில்லாத ஒரு பரிசோதனையைச் சொல்லுகிறோம். பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள ஒரு குச்சியைச் செங்குத்தாக நடவேண்டியது. நடுப்பகலில் அதன் நிழலை அளக்க வேண்டியது. கடிகாரத்தில் 12 மணி என்று பார்க்காமல், அன்றைய தினத்தில் நிழல் எப்பொழுது மிகவும் குறுகியிருக்கிறதோ அந்த அளவைக் குறிக்க வேண்டியது. டிசம்பர் மாதம் முதல் தேதியில் தொடங்கிப் பொங்கல் வரையில், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அளந்து சுவரில் எழுதி வந்தால் போதும்.

சென்னையில் என்றால் டிசம்பர் முதல் தேதி நிழல் சுமார் 70 சென்டிமீட்டர் இருக்கும். வரவர நீண்டுகொண்டே போய், டிசம்பர் 21, 22 தேதிகளில் சுமார் 74 சென்டிமீட்டர் ஆகும். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு குறைய ஆரம்பித்து, தை முதல் தேதிக்கு முன்பாகவே 69 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். தெற்கே போகப் போக இந்த அளவுகள் சற்றுக் குறையும். ஆனால் ஏறி இறங்குகிற வரிசை எங்கும் ஒன்றுதான். இதன் அர்த்தம் என்ன? தெற்கே போய்க்கொண்டிருந்த சூரியன் வடக்கே திரும்பியது மார்கழி முதல் வாரத்தில் என்று அர்த்தம். ஆனால் பஞ்சாங்கத்தில் என்ன போட்டிருக்கிறது? உத்தராயண புண்ணிய காலம் தை முதல் தேதி பிறக்கிறது, அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான், அன்று ஸ்நானம் செய்து தானம் கொடுத்தால் புண்ணியம் என்று போட்டிருக்கிறது. சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்ட பிறகு வந்து புண்ணிய காலம் என்று கையை நீட்டுகிறார்கள்!

இந்தத் தப்பு எப்படி வந்தது என்பதும் தெரிந்த விஷயமே. பூமி சுழலுகிற அச்சு பம்பரத்தின் தலை சுற்றுவது போல மிக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 26,000 வருஷம் ஆகும். அதனால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நட்சத்திரங்களை வைத்துப் போட்ட கணக்கு பிந்திக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில், அதாவது ஆயிரத்து எழுநூறு வருஷங்களுக்கு முன்பு, இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். அன்று எழுதியதை இன்று வரையில் யாரும் வெயிலில் இறங்கி அளந்து பார்க்கவில்லை. ஒரு குச்சியும் ஒரு நூலும் வைத்திருக்கிற நம் பிள்ளை அளந்து பார்க்கிறது. பஞ்சாங்கத்தின் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. பொங்கலைக் கொண்டாட வேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் திரிக்க வேண்டாம். பாடுபட்டு விளைத்தவன் புது நெல்லைப் பொங்கிச் சாப்பிட உத்தராயணம் என்கிற சீட்டு எதற்கு?

“சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாற்கடலைக் கடைந்ததும், மோகினி வந்ததும், ராகுவின் தலையை வெட்டியதும் சொல்லப்படும்போது, “இது புரியுமா?” என்று எவராவது கேட்டதுண்டா? புளியமரத்துப் பேயும், பல்லி விழுந்த பலனும், பூனை குறுக்கே போன சகுனமும் அந்த வயதிலேயே ஊட்டப்பட்டுவிடுகின்றன. மூடநம்பிக்கைக்கு வயது வரம்பு கிடையாது. விஞ்ஞானம் மாத்திரம் கலியாண வயது வரையில் காத்திருக்க வேண்டுமாம்!

அப்படிக் காத்திருந்து வருகிற விஞ்ஞானத்தின் லட்சணத்தையும் பார்த்துவிட்டோம். 2023ம் வருஷம் ஜூலை மாதத்தில் சந்திரயான்-3 விண்ணுக்கு ஏவப்படுவதற்கு முந்தின நாள், இஸ்ரோ விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டார்கள். ஆகஸ்டு 23ந் தேதி அது சந்திரனில் பத்திரமாக இறங்கிற்று. அந்த விஞ்ஞானிகளின் திறமையில் நமக்குச் சந்தேகமில்லை. அவர்கள் நாட்டுக்குப் பெருமை தேடிக் கொடுத்தவர்கள். 2019ல் அனுப்பிய சந்திரயான்-2இன் இறங்குகலம் தரையில் மோதியபோது, என்ன தப்பு நடந்தது என்று கணக்கைப் பிரித்துப் பார்த்துத் திருத்தியதால்தான் 2023ல் ஜெயித்தார்கள். இதைச் செய்தவர்களே பெருமாளிடம் போனார்கள் என்றால், விஞ்ஞானத்தை அவர்கள் உத்தியோகத்துக்கான வித்தையாக வாலிப வயதில் கற்றார்கள் என்பதும், அதற்கு முன்பே மனதில் பக்தி குடியேறிவிட்டது என்பதுந்தான் நமக்குத் தோன்றுகிற காரணம். மேல் படிப்பால் இதை மாற்ற முடியாது. ஆரம்பப் பள்ளிதான் இடம்.

எல்லாப் பழியையும் உபாத்தியாயர் தலையில் போடுவது நம் நோக்கமல்ல. நம் கிராமங்களில் இரண்டு உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்புகளைக் கட்டி மேய்க்கிற பள்ளிகள் ஏராளம். பாடம் நடத்துகிற நேரத்தில் பாதியைக் கைப்பேசியில் புள்ளிவிவரம் ஏற்றுவதிலும், பதிவேடுகள் எழுதுவதிலும் கழிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கார் கொடுத்த பரிசோதனைச் சாமான்கள் இருந்தாலும் அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பூதக் கண்ணாடி உடைந்தால் யார் பதில் சொல்லுவது, தணிக்கைக்கு வருகிற அதிகாரிக்கு என்ன கணக்குக் காட்டுவது என்கிற பயம். சாமான் உடையாமல் புத்தம் புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, “ஒன்றும் உடையவில்லையே, அப்படியானால் நீர் பாடமே நடத்தவில்லையா?” என்று கேட்கிற அதிகாரி வருகிற நாள்தான் நல்ல நாள்.

செய்ய முடியாது என்று மாத்திரம் யாரும் சொல்ல வேண்டாம். செய்து காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில், இப்பொழுது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கும் ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972ம் வருஷத்தில் கிஷோர் பாரதி என்கிற ஸ்தாபனமும், ரசூலியாவில் இருந்த பிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து பதினாறு சர்க்கார் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானத் திட்டத்தைத் தொடங்கின. பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் பெரிய விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்து உபாத்தியாயர்களோடு தரையில் உட்கார்ந்து உதவினார்கள். 1978ல் அது ஜில்லா முழுவதுக்கும் பரவிற்று. 1982ல் இதற்கென்றே ஏகலவ்யா என்று ஒரு ஸ்தாபனம் உண்டாயிற்று. கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட குருவின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

அந்தத் திட்டத்தின் புஸ்தகத்தில் கேள்விகள் இருந்தன, பதில்கள் இல்லை. பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து பரிசோதனை செய்து பதிலைத் தாங்களே எழுத வேண்டும். சாமான்கள் எல்லாம் மலிவானவை. பரீட்சைக்குப் புஸ்தகத்தைக் கொண்டு போகலாம். ஏனெனில் புஸ்தகத்தைப் பார்த்து எழுதக்கூடிய கேள்வியே பரீட்சையில் இராது. கைவேலைப் பரீட்சையும் உண்டு. இப்படி சுமார் ஆயிரம் பள்ளிகள் வரையில் வளர்ந்து, முப்பது வருஷம் நடந்த திட்டத்தை 2002ம் வருஷத்தில் அந்த மாகாணத்துச் சர்க்கார் ஒரு உத்தரவு போட்டு நிறுத்திவிட்டது. அப்போது அங்கே ஆண்டுகொண்டிருந்தது காங்கிரஸ் கட்சி. மதத்தின் பெயரால் ஓட்டு வாங்குகிற கட்சி மாத்திரந்தான் கேள்வி கேட்கிற பிள்ளைகளைக் கண்டு பயப்படும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும்.

அது ஆறாவது முதல் எட்டாவது வரையிலான வகுப்புகளுக்கு ஏற்பட்ட திட்டம். ஆறாம் வகுப்பில் முடிந்தது மூன்றாம் வகுப்பில் முடியாது என்பதற்கு நியாயமில்லை. சொல்லப்போனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் பயம் குறைவு, கேள்வி அதிகம்.

இதில் ஜாதி எங்கே வந்தது என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். எல்லா இடத்திலும் வந்தது போல இங்கேயும் வந்தது. கையால் செய்கிறவன் தாழ்ந்தவன், வாயால் ஓதுகிறவன் உயர்ந்தவன் என்று வைத்த நாட்டில், ஓதுவதே படிப்பு என்று ஏற்பட்டுவிட்டது. உழவன் பிள்ளைக்கு எந்த விதை எத்தனை நாளில் முளைக்கும் என்பது கைப்பாடம். குயவன் பிள்ளைக்கு எந்த மண் சூட்டில் வெடிக்கும் என்பது தெரியும். பள்ளிக்கூடம் அதையெல்லாம் அறிவு என்றே மதிப்பதில்லை. 1953ல் ஆச்சாரியார் கிராமத்துப் பிள்ளைகள் அரை நேரம் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே கிளர்ந்தெழுந்து எதிர்த்தது; 1954ல் காமராசர் மந்திரிசபை அதைக் கைவிட்டது. நாம் அன்று எதிர்த்தது கைவேலையை அல்ல. அப்பன் ஜாதியைப் பிள்ளையின் கையில் கட்டியதைத்தான். பள்ளிக்கூடத்தில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து, விதையை நட்டு, குச்சியை அளப்பது அதற்கு நேர் விரோதமான காரியம். ஒரே தம்ளரை நான்கு பிள்ளைகள் தொட்டாக வேண்டும். தண்ணீர்ப் பானையைத் தொடாதே என்று இன்னும் ரகசியமாகச் சொல்லப்படுகிற ஊர்களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரிசோதனை செய்கிற பள்ளிகளிலுங்கூட ஆண் பிள்ளைகள் செய்ய, பெண் பிள்ளைகள் எட்ட நின்று பார்த்துவிட்டுக் கடைசியில் தட்டையும் தம்ளரையும் கழுவி வைக்கிற வழக்கம் இருக்குமானால் அது வெட்கக்கேடு.

சட்டம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1976ம் வருஷத்து 42வது திருத்தத்தின்படி, விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று இந்திய அரசியல் சட்டத்தில் 51ஏ என்கிற பிரிவில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதி வைத்த நாட்டில் 2023ம் வருஷம் மத்திய சர்க்கார் ஸ்தாபனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புஸ்தகத்திலிருந்து உயிர்களின் பரிணாமத்தைப் பற்றிய பாகம் எடுக்கப்பட்டது. டார்வின் 1859ல் எழுதியது, பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சுமையாகிவிட்டதாம்! ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். ஆனால் பெற்றோர்கள் எத்தனை பேர் கண்டித்தார்கள்? எந்தக் கடைத்தெருவிலாவது அதைப் பற்றிப் பேச்சு நடந்ததா? கிரிக்கெட்டு ஆட்டத்தில் ஒருவனை எடுத்துவிட்டால் ஊரே பேசுகிறது. புஸ்தகத்தில் டார்வினை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பாடத்தை உருப்போட்டு எழுதிவிட்டு மறந்தவர்களே நம்மில் அதிகம்.

ஆகவே நம் தோழர்கள் மேடையில் பேசுவதோடு நில்லாமல் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய வேண்டும். 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சர்க்கார் ஆரம்பப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போய்ச் சத்துணவையும் கக்கூசையும் பற்றிக் கேட்பது அவசியம், அதோடு, “இந்த மாதம் பிள்ளைகள் தங்கள் கையால் செய்த பரிசோதனை எத்தனை? பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது? உடைந்த சாமானுக்கு உபாத்தியாயரைப் பிடிக்காமல் இருக்கத் தீர்மானம் போடலாமா?” என்றும் கேட்க வேண்டும். உபாத்தியாயரைக் குற்றவாளியாக நிறுத்திக் கேட்காமல் அவருக்குத் துணையாக நின்று கேட்க வேண்டும். 2031ம் வருஷம் மே மாதம் 21ந் தேதி மற்றொரு வளையச் சூரிய கிரகணம் தென் தமிழ்நாட்டின் வழியாகப் போகிறது. அன்று எந்த ஊரில் பிள்ளைகள் மரத்தடியில் நிற்கப் போகிறார்கள், எந்த ஊரில் கதவுக்குப் பின்னால் இருக்கப் போகிறார்கள் என்பதை இப்பொழுதிருந்தே கவனித்து வேலை செய்ய வேண்டும்.

அதற்கு முன்பு வருகிற டிசம்பரில் ஒரு சிறு காரியம். ஒவ்வொரு ஊரிலும் நம் படிப்பகத்து வாசலிலோ, பள்ளிக்கூடத்து முற்றத்திலோ ஒரு மீட்டர் குச்சி ஒன்றைப் பிள்ளைகளைக் கொண்டு நடச் செய்யுங்கள். டிசம்பர் முதல் தேதி, 11ந் தேதி, 21ந் தேதி, ஜனவரி முதல் தேதி, 13ந் தேதி ஆகிய ஐந்து நாட்களில் நிழலின் மிகக் குறைந்த அளவைப் பிள்ளைகளே அளந்து, ஊர்ப் பெயரும் அளந்த பிள்ளையின் வகுப்பும் சேர்த்து ஒரு கார்டில் எழுதி நமக்கு அனுப்பட்டும். மேகம் மறைத்த நாளுக்கு அடுத்த நாள் அளவை எழுதினால் போதும். ஊகித்து எழுத வேண்டாம். வருகிற அளவுகளையெல்லாம் தை மாத முதல் இதழில், அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் உத்தராயணத்துக்குப் போட்டிருக்கிற தேதிக்குப் பக்கத்திலேயே பிரசுரிப்போம்.